மீன் தொட்டியில் புல்தரை: கம்பளச் செடிகள், ஓர் அறிமுகம்

கம்பளச் செடி என்று தாவரவியலில் தனி இனம் எதுவும் கிடையாது. கோரைக்கு உறவான ஒன்று, பெரணி ஒன்று, நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும் செடி ஒன்று, கல்லில் ஒட்டி வளரும் மாஸ் என்னும் குட்டிச் செடி ஒன்று என்று ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லாத செடிகளை, மீன் தொட்டி வளர்க்கும் நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். அவற்றை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு பழக்கம்தான்: உயரமாகப் போகாமல் தரையோடு பரவுவது.

அந்தப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள அறுகம்புல்லைப் பார்த்தால் போதும். 'ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த வேரோட்டம்தான் இங்கேயும். அறுகின் தண்டு தரையோடு ஊர்ந்து போகும். கணுவுக்குக் கணு வேர் விடும். வேர் விட்ட கணுவிலிருந்து புதுக் குருத்து கிளம்பி, அதுவும் தன் பங்குக்கு ஒரு தண்டை ஓட்டும். ஒரு கணுவை மட்டும் வெட்டி வேறிடத்தில் வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். தொட்டியில் நாம் வைக்கும் கம்பளச் செடிகளில் பெரும்பாலானவை இதையேதான் தண்ணீருக்கடியில் செய்கின்றன. விரல் நுனி அளவுத் துணுக்குகளை இடைவெளி விட்டு நட்டால், இரண்டு மாதத்தில் இடைவெளி தெரியாமல் மூடிவிடுவது இப்படித்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அக்வேரியம் புல் விதை' என்று சின்னப் பொட்டலங்களாக இணையத்தில் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கித் தூவினேன். ஒரே வாரத்தில் பச்சைப்பசேலென்று முளைத்தது, படத்தில் பார்த்தது போலவே. தண்ணீர் நிரப்பிய மூன்றாவது வாரம் இலைகள் கண்ணாடி போல ஆகின. ஆறாவது வாரம் எல்லாம் அழுகி, தொட்டியையே காலி செய்ய வேண்டி வந்தது. அந்தப் பொட்டலங்களில் இருப்பவை பெரும்பாலும் தரைச் செடிகளின் விதைகள். தண்ணீருக்குள் சில வாரம் தாக்குப்பிடிக்கும், வாழாது. நல்ல கம்பளச் செடி கடையில் செடியாகத்தான் கிடைக்கும். சின்னச் சட்டியில் வளர்த்த செடியாகவோ, திசு வளர்ப்பு முறையில் மூடிய கப்பில் வளர்த்ததாகவோ பார்த்து வாங்குங்கள்.

தரைக்கு எதுவும் எளிதில் போய்ச் சேராது

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செடியின் படத்தைப் பார்த்துவிட்டுச் செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இன்று யாராவது கேட்டால், முதலில் உங்கள் தொட்டியின் தரையை உற்றுப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தொட்டியிலேயே வசதி குறைந்த இடம் அதுதான். விளக்குக்கு மிகத் தூரம். ஃபில்டரின் நீரோட்டம் அங்கே போய்ச் சேர்வதற்குள் தளர்ந்துவிடும். மேலே வளரும் செடிகளின் நிழலும், மீன்களின் கழிவும் அங்கேதான் விழும். அந்த இடத்தில்தான் கம்பளச் செடி காலம் முழுக்க வாழ வேண்டும். வெளிச்சம், கார்பன், சத்து மூன்றையும் தரை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்தக் கலை முழுவதும்.

முதலில் வெளிச்சம். பற்றாத இடத்தில் செடி வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறும். என் முதல் முயற்சி ஒன்றரை அடி உயரத் தொட்டியில், ஒரு சாதாரண விளக்கின் கீழ் நட்ட குளோசோஸ்டிக்மா. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துச் செடி. நல்ல வெளிச்சம் கிடைத்தால் மண்ணோடு மண்ணாக ஒட்டிப் படரும். என் தொட்டியில் மூன்றே வாரத்தில் நான்கு அங்குலம் வளர்ந்து நின்றது. நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது தவித்துக்கொண்டிருந்தது. தண்டு நூலாக மெலிந்து, இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்த பிறகுதான் புரிந்தது. கம்பளச் செடி உயர்ந்து நின்றால் அது வெளிச்சம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும்? நம் கடைகளில் எங்கும் கிடைக்கும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மண், கல் போக உண்மையில் 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். விளக்கு தரும் வெளிச்சத்தை லூமென் என்ற அலகில் அளப்பார்கள். லிட்டருக்கு 20 முதல் 40 லூமென் என்பது நடுத்தர வெளிச்சம், அதற்கு மேல் போனால் வலுவான வெளிச்சம் என்று தொட்டிக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் 1,000 முதல் 1,800 லூமென் வரை தரும் வெள்ளை எல்இடி ஒன்று, பகல் வெளிச்சம் போன்ற 6,500 கெல்வின் நிறத்தில், பெரும்பாலான கம்பளச் செடிகளுக்குப் போதும். தொட்டி உயரமாக ஆக இந்தக் கணக்கு பலிக்காமல் போகும். அதனால்தான் முதல் கம்பளத்துக்கு உயரம் குறைந்த தொட்டியையே நான் பரிந்துரைக்கிறேன். ஓரடி போதும். ஜன்னல் வெயிலை நம்ப வேண்டாம். அது பாசியைத்தான் முதலில் வளர்க்கும்.

கார்பன்: பலரும் கோட்டை விடுகிற இடம்

விளக்கை வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு செடியை உலர்த்தி எடை போட்டால் அதில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு கார்பன். அந்தக் கார்பன் வருவது கார்பன் டை ஆக்சைடிலிருந்து. தரையில் வளரும் செடிக்குக் காற்றிலிருந்து அது தாராளமாகக் கிடைக்கிறது. தண்ணீருக்குள் நிலைமை வேறு. காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமை ஒட்டித்தான் அது கரைந்திருக்கும். போதாததற்கு, காற்றில் நகர்வதைவிடத் தண்ணீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக நகர்கிறது. இலையை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருப்பதைச் செடி உறிஞ்சிவிட்டால், அடுத்த வாய் உணவு வந்து சேரக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் அழுத்தமான கம்பளம் வேண்டுகிறவர்கள் சிலிண்டர் வைத்துக் கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். அவர்கள் குறி வைப்பது லிட்டருக்கு 30 மில்லிகிராம். இயல்பாகக் கரைந்திருப்பதைப் போல ஐம்பது, அறுபது மடங்கு. ஒரு சிலிண்டர், ரெகுலேட்டர், விளக்கோடு சேர்ந்து திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, வாயுவைப் பொடிக் குமிழிகளாக உடைக்கும் டிஃப்யூசர், இவ்வளவுதான் கருவி. விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே வாயு ஓடத் தொடங்க வேண்டும். விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நின்றுவிடலாம். இருட்டில் செடிக்கு அது தேவையில்லை, மீனுக்குக் கெடுதல்.

அளவு சரியா என்று பார்க்க டிராப் செக்கர் என்ற சின்னக் கண்ணாடிக் குமிழ் உண்டு. அதிலுள்ள திரவம் நீலமாக இருந்தால் குறைவு, இளம்பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் அதிகம். நிறம் மாற ஓரிரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே குமிழைப் பார்ப்பதோடு மீன்களையும் பாருங்கள். அவை மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே வாயுவை நிறுத்திவிட்டு ஏர் பம்ப்பை ஓட விடுங்கள். மற்ற நேரத்தில், பகலில் ஏர் பம்ப் வேண்டாம். நாம் காசு கொடுத்துக் கரைத்த வாயுவை அது வெளியே தள்ளிவிடும்.

சிலிண்டர் செலவு முதலில் கனமாகத் தெரியும். சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலில் வாயு தயாரிக்கும் முறை உண்டு. சின்னத் தொட்டிக்கு உதவும், ஆனால் இரவில் நிறுத்த முடியாது, நாளுக்கு நாள் அளவு மாறும். கண்ணாடிப் பாட்டிலை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அழுத்தம் ஏறி வெடிக்கலாம். 'திரவ கார்பன்' என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு. பாசியை அடக்க அது உதவும். சிலிண்டர் தரும் கார்பனுக்கு ஈடாகாது. கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள் அது.

சரி, வாயுவே வேண்டாம் என்றால் கம்பளம் வராதா? வரும். செடியைத் தெரிந்தெடுத்து, வெளிச்சத்தையும் அதற்கேற்றபடி குறைத்து, இரண்டு மாதத்துக்குப் பதில் ஐந்தாறு மாதம் காத்திருக்கத் தயாராக இருந்தால் வரும். வாயு இல்லாமல் விளக்கை மட்டும் கூட்டுவதுதான் பெரிய தவறு. செடியால் பயன்படுத்திக்கொள்ள முடியாத வெளிச்சம் முழுவதும் பாசிக்குப் போகும்.

எந்தச் செடி?

முதல்முறை சிலிண்டரோடு தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் பெயர் மான்டி கார்லோ. அர்ஜென்டினாவிலிருந்து வந்த செடி. மிளகைவிடச் சிறிய வட்ட இலைகள், ஊர்ந்து போகும் தண்டு, அடர்ந்த பச்சை. நடுத்தர வெளிச்சத்திலேயே தரையோடு இருக்கும். வாயு குறைந்தாலும் செத்துவிடாமல் மெதுவாக நகரும். சின்னச் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் இந்தக் குணம் தொடக்கக்காரருக்கு அழகைவிட முக்கியம். இதே தோற்றத்தில் இன்னும் நுண்ணியது ஹெமியாந்தஸ் 'கியூபா'. பெயரே ஊரைச் சொல்கிறது. இலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். படர்ந்துவிட்டால் அதைப் போல அழகு வேறில்லை. ஆனால் வாயு ஏறி இறங்கினால் ஒரே வாரத்தில் கரைந்துபோகும். இரண்டாவது தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புல் போன்ற தோற்றம் வேண்டுமானால் ஹேர்கிராஸ். எலியோகாரிஸ் என்பது தாவரப் பெயர். நம் பாய்க்கோரையின் குடும்பம். மண்ணுக்குள் வெள்ளை நூல் போல ஓடுதண்டு விட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒருமுறை ஒரு கொத்து கிளப்பும். கடையில் 'மினி' என்று கேட்டு வாங்குங்கள், ஐந்து சென்டிமீட்டரை ஒட்டி நிற்கும். சாதாரண வகை ஒரு சாணுக்கே போய்விடும். வாங்கும்போது இலைகள் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட்டு நடுங்கள். பழைய இலைகளில் பாசி பிடிக்க விடாமல், புது இலை சீக்கிரம் வர அது உதவும்.

வாயு இல்லாத தொட்டிக்கு என் மனதுக்கு மிகப் பிடித்தது மார்சிலியா. பெயர் புதிதாகத் தெரிகிறதா? நம் வயல் வரப்பில் நான்கு இதழ் இலையோடு நிற்கும் ஆரைக்கீரைதான் அது. கீரைக்காரரிடம் வாங்கிச் சமைக்கிறோமே, அந்த இனத்தின் ஆஸ்திரேலிய உறவான மார்சிலியா ஹிர்சுட்டாதான் கடைகளில் கம்பளச் செடியாக அதிகம் கிடைக்கிறது. பூக்காத பெரணி வகை. நாலிதழோடு வாங்கி வந்து தண்ணீருக்குள் வைத்ததும், புதிதாக வரும் இலை பெரும்பாலும் ஒற்றை இதழாக, கரண்டி போல இருக்கும். வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். மிக மெதுவாக வளரும், வந்துவிட்டால் அசையாது. வயல் ஆரையைப் பறித்து வந்து போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நானும் செய்து பார்த்தேன். அது இலையை மேற்பரப்பில் மிதக்க விடுவதற்காகக் காம்பை நீட்டிக்கொண்டே போகும். கூடவே வயலில் தெளித்த பூச்சிமருந்தும் நத்தை முட்டையும் வரக்கூடும். இறால் வளர்க்கும் தொட்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

இலங்கையின் மலைநாட்டு ஓடைக்கரைகளுக்கே உரிய கிரிப்டோகோரைன் பார்வா இன்னொரு நல்ல துணை. கிரிப்டோகோரைன் இனத்திலேயே மிகச் சிறியது. வாயு இல்லாமலும் வாழும். ஆனால் மாதத்துக்கு ஓர் இலை, இரண்டு இலை என்ற வேகம்தான். பரவட்டும் என்று விட்டால் வருடக்கணக்காகும். ஆகவே தொடக்கத்திலேயே நெருக்கி நட வேண்டும். நட்ட செடியைப் பிடுங்கி இடம் மாற்றினால் இலையெல்லாம் உருகிவிடும், வேர் இருந்தால் மறுபடி துளிர்க்கும். பொறுமைசாலிகளின் செடி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குட்டி சாஜிட்டேரியா எந்த மண்ணிலும் ஓடும், ஆனால் உயரம் கட்டுப்படாது. பெரிய தொட்டிக்கு நல்லது. பிரேசிலின் ஸ்டாரோஜைன் ரெப்பன்ஸ் கம்பளத்தைவிடக் குட்டிப் புதர் போல இருக்கும், அடிக்கடி வெட்டினால் படியும். புல் இலையோடு வரும் யூட்ரிகுலேரியா இந்தியா, இலங்கை உள்பட ஆசிய ஈரநிலங்களின் செடி. வேரே இல்லாமல், நுண்ணுயிர்களைப் பிடிக்கும் சின்னப் பைகளோடு வாழும். உப்பு மிகுந்த போர் தண்ணீரில் அதை முயல வேண்டாம். ஜாவா மாஸை எஃகு வலையில் நூலால் கட்டிப் பரப்பினால் மண்ணே இல்லாத தொட்டியிலும் பச்சைத் தரை கிடைக்கும்.

ரிக்கியாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அது உண்மையில் மேற்பரப்பில் மிதக்கும் செடி. ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ அதைக் கல்லில் கட்டித் தண்ணீருக்கடியில் அமிழ்த்தி வளர்த்தார். கிளை நுனிதோறும் ஆக்சிஜன் முத்துக்கள் தொங்கும் அந்தப் படங்கள் உலகம் முழுவதும் பலரை இந்தப் பக்கம் இழுத்தன. இயற்கை நிலக்காட்சியைத் தொட்டிக்குள் கொண்டுவரும் பாணியைப் பரப்பியவர் அவர். 2015இல் காலமாவதற்குச் சில மாதங்கள் முன்பு லிஸ்பன் ஓசனேரியம் என்ற மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டி ஒன்றை அமைத்துக் கொடுத்தார். பாசி தின்பதற்காக நாம் வாங்கும் அமானோ இறாலின் பெயரும் அவரிடமிருந்து வந்ததுதான்.

மண்ணும் நடவும்

கம்பளச் செடியின் வேர் மெல்லியது. வண்ணக் கற்களும் பெரிய கூழாங்கல்லும் அதற்கு ஆகாது. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் மணியளவில் வரும், தொட்டிச் செடிகளுக்கென்றே விற்கும் அக்வா சாயில் என்ற மண் மிக எளிது. சத்து உள்ளேயே இருக்கும், வேர் புகுந்து ஓட இடமும் இருக்கும். இரண்டடித் தொட்டிக்குச் சராசரி நான்கு சென்டிமீட்டர் உயரம் போட ஏழு லிட்டர் சாயில் வேண்டும். முன்பக்கம் மூன்று, பின்பக்கம் ஐந்து எனச் சரிவாகப் போட்டால் ஆழம் தெரியும். செலவைக் குறைக்க நினைத்தால் கல், குப்பை நீக்கிச் சலித்த தோட்டத்து மண்ணை இரண்டு சென்டிமீட்டர் போட்டு, அதன்மேல் கழுவிய ஆற்று மணலை மூன்று சென்டிமீட்டர் மூடலாம். மணலை ஒரு கிண்ணத்தில் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சிப்பித்தூள் இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும், வேண்டாம்.

நடவை நாற்று நடவு என்றே நினைத்துக்கொள்ளுங்கள். திசு வளர்ப்புக் கப்பிலிருந்து எடுத்ததும் வேரிலுள்ள ஜெல்லை அறை வெப்பத் தண்ணீரில் முழுவதும் கழுவ வேண்டும். ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் துணுக்குகளாக வெட்டுங்கள். முழுக் கொத்தையும் அப்படியே புதைத்தால் நடுவிலுள்ளது அழுகும். நீண்ட ட்வீசரால் துணுக்கின் அடியைப் பிடித்துச் சாய்வாக மண்ணில் செருகி, மெல்ல ஆட்டியபடி ட்வீசரை வெளியே எடுங்கள். இலை நுனி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். 60 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலமுள்ள முன்பகுதியில் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் நூறு துணுக்கு. நான்கைந்து கப் வாங்க வேண்டியிருக்கும். இரண்டு கப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். காலியாகக் கிடக்கும் மண்ணைச் செடி மூடும் முன் பாசி மூடிவிடும்.

தண்ணீர் நிரப்பாமலே கம்பளத்தைப் படர விடும் ஒரு முறை உண்டு. நாற்றங்கால் போல. மண்ணைச் சேறாக்காமல் ஈரமாக்கி, செடியை நட்டு, தொட்டியின் வாயைச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். விளக்கு பத்து, பன்னிரண்டு மணி நேரம். தினம் ஒருமுறை பத்து நிமிடம் திறந்து காற்று விட்டு, தெளிப்பானால் லேசாகத் தண்ணீர் தூவ வேண்டும். செடி காற்றிலுள்ள கார்பனை நேராக எடுத்துக்கொள்வதால் சிலிண்டர் தேவைப்படாது, பாசித் தொல்லையும் கிடையாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் நன்றாகப் பிடித்துவிடும். மான்டி கார்லோ, ஹேர்கிராஸ் இரண்டும் இதற்கு ஏற்றவை. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஈரம் அதிகம், காற்று போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் நிரப்பும் நாளில் மண்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றுங்கள்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றில் வளர்ந்த இலை வேறு, தண்ணீரில் வளரும் இலை வேறு. கடையில் வாங்கும் செடிகளில் பெரும்பாலானவை காற்றில் வளர்ந்தவை. தண்ணீருக்குள் போனதும் பழைய இலைகள் சோர்ந்து உதிரும், புது இலைகள் சின்னதாக, மெல்லியதாக வரும். இரண்டு மூன்று வாரத்துக்கு இது நடக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் பயந்து செடியைப் பிடுங்கியவர்கள் பலர். உதிர்ந்த இலைகளை மட்டும் எடுத்துவிட்டுக் குருத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் செடி வாழ்கிறது.

முதல் ஆறு வாரம்

புது அக்வா சாயில் முதல் சில வாரம் அம்மோனியாவை வெளியிடும். செடிக்கு உணவு, மீனுக்கு விஷம். ஆகவே முதல் நான்கைந்து வாரம் மீன் வேண்டாம். முதல் வாரம் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரம் இருமுறை, அப்புறம் வாரம் ஒருமுறை பாதி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நீக்கிவிட்டு ஊற்றுங்கள். விளக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். செடி ஓடத் தொடங்கியதும் ஏழு, எட்டு மணி நேரமாக்கலாம்.

பழுப்புத் தூள் போல ஒரு பாசி வரும். வராத புதுத் தொட்டியை நான் பார்த்ததில்லை. விரலால் துடைத்தால் போய்விடும், சில வாரத்தில் தானாகவும் நின்றுவிடும். பச்சை நூல் பாசி வந்தால் பல் துலக்கும் பிரஷில் சுற்றி எடுத்துவிட்டு, விளக்கு நேரத்தைக் குறையுங்கள், வாயு சரியாகத் தரைக்குப் போகிறதா என்று பாருங்கள். வாயுக் குமிழிகள் எந்த மூலைக்குப் போகவில்லையோ அந்த மூலையில்தான் கம்பளம் மஞ்சளாகும். ஃபில்டரின் வாயைக் கொஞ்சம் திருப்பி வைத்தாலே பல தொட்டிகள் சரியாகிவிடும். உரம் போடத் தொடங்கியதும் இலைகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். புது இலை வெளிறினால் இரும்பு குறைவு, பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறைவு, பழைய இலை முழுதாக மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு.

வெயில்தான் நம் ஊரின் பெரிய சோதனை. கம்பளச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு 20 முதல் 26 டிகிரி பிடிக்கும். சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகிறது. சூடான தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடும் ஆக்சிஜனும் குறைவாகக் கரையும். செடிக்கோ அந்தச் சூட்டில்தான் பசி அதிகம். மேற்பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஒன்றை ஓட விட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். ஐஸ் பாட்டில் போடுவது வெப்பத்தை ஏற்றி இறக்கும், நல்லதல்ல. என்னைக் கேட்டால் கார்த்திகையில் தொடங்குங்கள். தை, மாசிக்குள் கம்பளம் வேரூன்றிவிட்டால் கோடையைத் தாங்கிக்கொள்ளும். பங்குனியில் நட்ட கியூபாவை நான் இருமுறை இழந்திருக்கிறேன்.

மீன் விடும்போது தரையைக் கிளறாதவற்றைப் பாருங்கள். கோல்டு ஃபிஷும் பெரிய சிக்லிட்களும் ஒரே இரவில் கம்பளத்தைப் பிடுங்கி மிதக்க விடும். நியான் டெட்ரா, ராஸ்போரா, குப்பி, செர்ரி இறால், ஓட்டோசின்க்ளஸ் எல்லாம் நல்ல துணைகள். சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர்க் கடைத்தெருவில் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்த்து வாங்கலாம்.

வெட்டும் கை

கம்பளம் மூடியதும் அப்படியே விட்டுவிட மனம் வரும். கஷ்டப்பட்டு வளர்த்ததை வெட்ட யாருக்கும் மனமிருக்காது. ஆனால் மான்டி கார்லோ, கியூபா, குளோசோ போன்றவை தங்கள் மேலேயே ஏறிப் படரும். தடிமன் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் அடியிலுள்ள தண்டுக்கு வெளிச்சம் போகாது. அது அழுகி வேர் விடுபடும். இலைகள் விடும் ஆக்சிஜன் குமிழிகள் அடியில் தேங்க, ஒரு நாள் காலையில் கம்பளம் முழுதும் பாய் போல எழுந்து மேற்பரப்பில் மிதக்கும். அப்படி எழுந்த பாயைத் திரும்ப ஒட்ட முடியாது. துண்டு துண்டாக வெட்டி முதலிலிருந்து நட வேண்டியதுதான்.

ஆகவே இடைவெளிகள் மூடும் தறுவாயிலேயே முதல் வெட்டு. வளைந்த கத்தரியால் பாதி உயரத்துக்குத் தைரியமாக வெட்டுங்கள். வெட்டிய இடத்திலிருந்து கிளைகள் பிரிந்து கம்பளம் இன்னும் இறுகும். வெட்டும் முன் ஃபில்டரை நிறுத்திவிட்டு, மிதப்பதை வலையால் அள்ளிவிட்டு, அன்றே பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். பிறகு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. ஹேர்கிராஸை மண்ணிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விட்டு ஒரே மட்டமாக வெட்டலாம். மார்சிலியாவுக்கும் பார்வாவுக்கும் கத்தரி அதிகம் வேண்டாம், மஞ்சள் இலையை எடுத்தால் போதும்.

அள்ளிய துணுக்குகளைக் கொட்டிவிடாதீர்கள். ஈரமான செய்தித்தாளில் சுற்றி மூடிய டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். ஒரு நல்ல வெட்டில் நூறு துணுக்குக்கு மேல் தேறும். பக்கத்துத் தெருவில் தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு அதுவே முழுக் கம்பளம்.